பாதியில் நின்ற வேலை எங்கே போகிறது? பாபேஜின் இயந்திரமும் யாழ்ப்பாணத்து அகராதியும்

லண்டனில் படித்த நீங்கள் ஒரு தடவையாவது பள்ளிக்கூடத்தோடு சவுத் கென்சிங்டனில் உள்ள சயன்ஸ் மியூசியத்துக்குப் போயிருப்பீர்கள். நீராவி இயந்திரம், விண்கலம், விமானம் என்று ஓடியோடிப் பார்க்கும்போது ஒரு பொருளைக் கவனிக்காமல் கடந்திருக்கலாம். வெண்கலப் பல்சக்கரங்கள் வரிசை வரிசையாக அடுக்கிய பெரிய இயந்திரம் அது. 11 அடி நீளம், 7 அடி உயரம், சுமார் 5 தொன் எடை. மின்சாரம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை ஒருவர் சுற்றினால் கணக்குப் போடும்.

பெயர் டிஃபரன்ஸ் என்ஜின் நம்பர் 2. வடிவமைத்தவர் சார்ல்ஸ் பாபேஜ். அவர் அதை வரைந்து முடித்த ஆண்டு 1849. முதன்முதலில் அது கணக்குப் போட்ட ஆண்டு 1991. நடுவில் 142 ஆண்டுகள்.

இந்தக் கதையை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே வளரும் எங்கள் பிள்ளைகள் பலரிடம் பாதியில் நிறுத்திய ஏதோ ஒன்று இருக்கிறது. கிரேட் 5-ஓடு விட்ட வயலின். அரங்கேற்றத்துக்கு முன்னே நின்றுபோன பரதம். மூன்று அத்தியாயம் எழுதிய நாவல். லாப்டொப்பில் தூங்கும் ஒரு கேம். 'தொடங்கினால் முடிக்க வேணும்' என்று வீட்டில் சொல்லுவார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் முடிக்காமல் நின்ற வேலைக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. லண்டனில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று, இரண்டையும் பார்ப்போம்.

பிழை நிறைந்த புத்தகங்கள்

பாபேஜ் 1791-ல் தேம்ஸ் நதிக்குத் தெற்கே, வால்வேர்த் பகுதியில் பிறந்தவர். அவர் காலத்தில் கல்குலேட்டர் இல்லை. பெரிய கணக்குப் போட வேண்டியவர்கள் அட்டவணைப் புத்தகங்களைப் பார்த்தார்கள். கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க மாலுமிக்கு ஒரு அட்டவணை. வங்கிக்காரருக்கு வட்டி அட்டவணை. காப்புறுதிக் கம்பனிக்கு ஆயுள் அட்டவணை. இந்தப் புத்தகங்களில் உள்ள ஆயிரக்கணக்கான எண்களை மனிதர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதினார்கள். அந்த வேலை செய்தவர்களைத்தான் அப்போது 'கம்ப்யூட்டர்' என்று அழைத்தார்கள்.

மனிதர் போட்ட கணக்கில் பிழை வரும். அதைப் பிரதி எடுக்கும்போது இன்னொரு பிழை. அச்சுக் கோக்கும்போது மூன்றாவது பிழை. 1821-ல் பாபேஜும் அவருடைய நண்பர் ஜோன் ஹேர்ஷலும் வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் தனித்தனியாகப் போட்ட கணக்குகளை ஒப்பிட்டால் பிழைக்கு மேல் பிழை. இதையெல்லாம் நீராவியால் செய்ய முடியாதா என்று அலுத்துப்போன பாபேஜ் கேட்டாராம். அந்தக் கேள்வியில் தொடங்கியது அவருடைய வாழ்நாள் வேலை.

அவர் பயன்படுத்திய உத்தி எளிமையானது. நீங்களே செய்து பார்க்கலாம். வர்க்க எண்களை எழுதுங்கள்: 1, 4, 9, 16, 25. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம்: 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம்: 2, 2, 2. அது மாறாது. ஆகவே அடுத்த வர்க்க எண் வேண்டுமென்றால் பெருக்கத் தேவையில்லை. 9-ஓடு 2-ஐக் கூட்டினால் 11. 25-ஓடு 11-ஐக் கூட்டினால் 36. வெறும் கூட்டல்தான். கூட்டலைப் பல்சக்கரத்தால் செய்யலாம். 'டிஃபரன்ஸ்' என்ற பெயர் இந்த வித்தியாசத்திலிருந்து வந்தது. விடையை மனிதக் கை படாமல் இயந்திரமே அச்சுக்கும் தயார் செய்தால் மூன்று பிழைகளுக்கும் இடமில்லை.

1822-ல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். கடலாட்சி செய்த அரசுக்குச் சரியான அட்டவணை தேவைப்பட்டது. 1823-ல் பிரித்தானிய அரசு முதல் தவணையாக 1,500 பவுண் கொடுத்தது.

பட்டறையில் நடந்த சண்டை

பாபேஜ் கணித மேதை. இரும்பை வெட்டத் தெரிந்தவர் ஜோசப் கிளெமெண்ட். கைத்தறி நெசவாளி ஒருவரின் மகன். பெரிய படிப்பு இல்லாமல், கைத்திறனால் மட்டும் உயர்ந்து, லண்டனில் தேம்ஸுக்குத் தெற்கே சொந்தப் பட்டறை வைத்திருந்தார். முழு இயந்திரத்துக்குச் சுமார் 25,000 பாகங்கள் தேவை. ஒரே அளவில் நூற்றுக்கணக்கான சக்கரங்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரே அச்சாகப் பாகம் செய்யும் வழக்கமே புதிது. ஆகவே முதலில் பாகம் செய்யும் கருவிகளைச் செய்ய வேண்டியிருந்தது.

பத்து ஆண்டு போனது. பணம் போய்க்கொண்டே இருந்தது. 1832-ல் கிளெமெண்ட் ஒரு பகுதியை மட்டும் பூட்டிக் கொடுத்தார். கணக்கிடும் பகுதியில் ஏழில் ஒன்று, சுமார் 2,000 பாகங்கள். அது அழகாக வேலை செய்தது. பாபேஜ் தன் வீட்டு விருந்துகளில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்.

1833-ல் வேலை நின்றது. பட்டறையைப் பாபேஜின் வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றுவது பற்றியும் பணம் கொடுப்பது பற்றியும் சண்டை. கிளெமெண்ட் வேலையை நிறுத்தி, ஆட்களை அனுப்பிவிட்டார். அன்றைய தொழில் வழக்கப்படி, வேலைக்காகச் செய்த கருவிகள் செய்தவருக்கே சொந்தம். அரசாங்கப் பணத்தில் செய்த கருவிகளும் கிளெமெண்டிடமே போயின. கிளெமெண்டைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் தன் கையால் உண்டாக்கிய கருவியும் தன் பட்டறையும்தான் அவருடைய வாழ்க்கை. அதைவிட்டு இன்னொருவர் சொன்ன இடத்துக்குப் போவது அவருக்குச் சின்ன விஷயமில்லை.

வேலை நின்ற இடைவெளியில் பாபேஜுக்கு 1834-ல் இன்னொரு யோசனை வந்தது. ஒரே வகைக் கணக்கை மட்டும் போடாமல், சொன்ன கணக்கையெல்லாம் போடும் இயந்திரம். அதை அவர் அனலிட்டிக்கல் என்ஜின் என்றார். எண்களை வைத்திருக்க ஒரு களஞ்சியம், கணக்குப் போட ஒரு ஆலை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் துளையிட்ட அட்டைகள். இன்றைய கணினியில் மெமரி, புரொசசர், புரோகிராம் என்று சொல்வதற்கு மிகக் கிட்டிய அமைப்பு. அட்டைகளை அவர் பிரான்ஸில் ஜக்கார்ட் தறியிலிருந்து எடுத்தார். பட்டில் பூவேலைப்பாடு நெய்யப் பயன்பட்ட அட்டைகள் அவை.

இப்போது அரசின் இடத்தில் நின்று பாருங்கள். பத்து ஆண்டு பணம் கொடுத்திருக்கிறீர்கள். இயந்திரம் வரவில்லை. வாங்கியவர் வந்து, அதைவிட நல்லது ஒன்றை யோசித்துவிட்டேன் என்கிறார். நான் வேலை செய்யும் ஐ.டி. துறையில் இந்தக் காட்சி புதிதல்ல. புது யோசனை வந்ததும் பழைய வேலை ஒளி மங்கிவிடும். 1842-ல் பிரதமர் ரொபர்ட் பீலின் அரசு அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. அரச வானியலாளர் ஜோர்ஜ் ஏரி அந்த இயந்திரம் பயனற்றது என்று கருத்துச் சொன்னார். அதுவரை அரசு செலவழித்தது 17,000 பவுணுக்கு மேல். 1831-ல் ரொபர்ட் ஸ்டீவன்சனின் தொழிற்சாலை செய்த 'ஜோன் புல்' என்ற ரயில் என்ஜினின் விலை 784 பவுண். அந்தப் பணத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ரயில் என்ஜின்கள் வாங்கியிருக்கலாம். கிளெமெண்ட் செய்து வைத்திருந்த ஏறக்குறைய 12,000 பாகங்களில் பெரும்பகுதி பிறகு பழைய உலோகமாக உருக்கப்பட்டது.

பொதுவாகக் கதை இங்கே முடியும். தோற்றுப்போன மேதை என்று இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போவார்கள்.

நின்ற வேலை போன வழிகள்

ஆனால் அந்தப் பட்டறையில் நடந்த வேலை காணாமல் போகவில்லை. அது எங்கெங்கே போனது என்று பின்தொடர்ந்து பாருங்கள்.

முதலாவது, கைகளில் போனது. கிளெமெண்டின் பட்டறையில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வேர்த். பிறகு மன்செஸ்டருக்குப் போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கு விருப்பமான அளவில் திருகாணி செய்தது. ஒரு பட்டறையின் ஆணி இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. 1841-ல் விட்வேர்த் எல்லோருக்கும் ஒரே திருகாணி அளவை முன்வைத்தார். நாடு முழுவதும் அது பரவியது. துல்லியமாகவும் ஒரே மாதிரியாகவும் செய்ய வேண்டும் என்ற பழக்கத்தை அவர் பல பட்டறைகளில் கற்றார். பாபேஜின் இயந்திரம் உருவான பட்டறை அவற்றில் ஒன்று. இயந்திரம் வரவில்லை, ஆனால் அதைச் செய்யப் பழகிய கைகள் இருந்தன.

இரண்டாவது, ஒரு கட்டுரை வழியாகப் போனது. 1834-ல் 'எடின்பரோ ரிவியூ' என்ற சஞ்சிகையில் டயனீசியஸ் லார்ட்னர் என்பவர் பாபேஜின் இயந்திரத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். சுவீடனில் ஸ்டொக்ஹோமில் ஜோர்ஜ் ஷொய்ட்ஸ் என்ற அச்சுக்காரர் அதைப் படித்தார். அவருடைய மகன் எட்வர்டுக்கு அப்போது பதின்ம வயது. இருவரும் சேர்ந்து தங்கள் வழியில் ஒரு இயந்திரம் செய்யத் தொடங்கினார்கள். பாபேஜின் இயந்திரத்தைவிடச் சிறியது, எளிமையானது, துல்லியமும் குறைவு. ஆனால் 1843-ல் மாதிரி வேலை செய்தது. 1853-ல் முழு இயந்திரம் வந்தது. 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1859-ல் லண்டனில் அதன் இன்னொரு பிரதி செய்யப்பட்டு, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு வந்தது. 1864-ல் வெளிவந்த ஆங்கிலேயரின் ஆயுள் அட்டவணைக்கு அதைப் பயன்படுத்தினார்கள். பாபேஜிடம் பிரித்தானிய அரசு கேட்ட வேலை, சுவீடனைச் சுற்றிக்கொண்டு லண்டனுக்கே வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் பாபேஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுலபத்தில் சண்டை பிடிக்கும் மனிதர் அவர். என் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்று கத்தியிருக்கலாம். ஆனால் ஷொய்ட்ஸ் குடும்பத்துக்கு அவர் மனமார உதவினார். அவருடைய மகன் ஹென்றி அந்தச் சுவீடன் இயந்திரத்தை விளக்கிப் படங்கள் வரைந்து கொடுத்தார்.

மூன்றாவது, உடைந்த துண்டுகளாகப் போனது. பாபேஜ் 1871-ல் மார்லிபோனில் இருந்த வீட்டில் காலமானார். இந்தியாவில் இராணுவத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மகன் ஹென்றி, மிஞ்சியிருந்த பாகங்களைப் பொறுக்கிச் சில சிறிய மாதிரிகளைப் பூட்டினார். அவற்றைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டுக்குப் போனது. 1930-களில் ஹவார்ட் ஐக்கன் அதை அங்கே கண்டார். அவர் வடிவமைத்த ஹார்வர்ட் மார்க் 1 என்ற பெரிய கணக்கிடும் இயந்திரம் 1944-ல் வந்தது. பாபேஜின் சக்கரங்கள் நேராக அதற்குள் போயின என்று சொல்ல முடியாது. ஆனால் ஐக்கன் பாபேஜைத் தன் முன்னோடி என்று சொல்லிக்கொண்டார்.

நான்காவது, காகிதத்தில் போனது. அனலிட்டிக்கல் என்ஜினை யோசித்து யோசித்து பாபேஜ் பாகங்களைக் குறைக்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பாடத்தோடு பழைய வேலைக்குத் திரும்பி, 1847 முதல் 1849 வரை டிஃபரன்ஸ் என்ஜின் நம்பர் 2-ஐ வரைந்தார். முதல் இயந்திரத்துக்கு 25,000 பாகங்கள். இதற்கு 8,000. இலக்கங்களோ கூட: 31 இலக்க எண்களைக் கையாளும். அரசு 1852-ல் அதையும் வேண்டாம் என்றது. பாபேஜ் அதைக் கட்ட முயலவில்லை. ஆனால் 20 பெரிய வரைபடங்களைச் சுத்தமாக முடித்து வைத்தார்.

ஏன் 1991?

சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் புரொம்லி, லண்டனுக்கு வந்து பாபேஜின் வரைபடங்களை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர். நம்பர் 2-ஐக் கட்ட முடியும் என்று 1985-ல் சயன்ஸ் மியூசியத்திடம் சொன்னார். 1991-ல் பாபேஜின் 200-வது பிறந்த நாள். மியூசியத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட டோரன் சுவேட் அந்த வேலையைத் தலைமேல் எடுத்துக்கொண்டார்.

ஒரு கேள்வி கேளுங்கள். 1985-ல் பென்சில் பெட்டிக்குள் வைக்கக்கூடிய கல்குலேட்டர் இருந்தது. வர்க்க அட்டவணை போட 5 தொன் இயந்திரம் யாருக்குத் தேவை? ஒருவருக்கும் தேவையில்லை. பாபேஜ் எதற்காக இயந்திரம் செய்ய நினைத்தாரோ அந்தக் காரணம் செத்துப்போயிருந்தது. ஆனால் இன்னொரு கேள்வி உயிரோடு இருந்தது. பாபேஜ் ஏன் தோற்றார்? அவர் காலத்துப் பட்டறைகளால் அவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியவில்லை, அதனால்தான் தோற்றார் என்று பலர் எழுதியிருந்தார்கள். அது உண்மையா?

அதைச் சோதிக்க ஒரே வழி கட்டிப் பார்ப்பது. அதுவும் நேர்மையாகக் கட்ட வேண்டும். கிளெமெண்ட் செய்த பழைய பாகங்களை அளந்து, அவர் எவ்வளவு துல்லியமாகச் செய்தார் என்று பார்த்தார்கள். நவீன இயந்திரங்களால் பாகங்களை வெட்டினாலும் அந்தத் துல்லியத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்தார்கள். வெண்கலம், வார்ப்பிரும்பு, உருக்கு என்று அந்தக் காலத்து உலோகங்களுக்குக் கிட்டியவற்றையே எடுத்தார்கள்.

வரைபடத்தில் பிழைகள் இருந்தன. சில பாகங்கள் விடுபட்டிருந்தன. ஒரு பகுதி தேவையில்லாமல் வரையப்பட்டிருந்தது. இவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தும்போதும் பாபேஜே இதைக் கவனித்திருந்தால் எப்படித் திருத்தியிருப்பார் என்று யோசித்துத் திருத்தினார்கள். நடுவில், 1990-ல், பாகங்களைச் செய்து கொடுக்க ஒப்பந்தம் செய்த நிறுவனம் முறிந்தது. பாபேஜின் கதை திரும்பவும் நடக்கப் பார்த்தது. ஆனால் இந்த முறை அந்த நிறுவனத்தில் வேலை செய்த ரெஜ் கிரிக், பெரி ஹொலொவே என்ற இரண்டு பொறியியலாளர்களை மியூசியம் உடனே தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கிளெமெண்டை இழந்தது போல இவர்களை இழக்கவில்லை.

1991 நவம்பர் 29 அன்று இயந்திரம் தன் முதல் முழுக் கணக்கைப் பிழையில்லாமல் போட்டது. பாபேஜின் பிறந்த நாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. 2002-ல் அச்சுப் பகுதியும் முடிந்தது. விடை தெரிந்துவிட்டது. விக்டோரியா காலத்துத் துல்லியம் போதுமானதாக இருந்தது. பாபேஜைத் தோற்கடித்தவை பணம், சண்டை, பொறுமை, அடுத்த யோசனைக்குத் தாவும் மனம்.

கவனியுங்கள், இந்த இயந்திரம் பாபேஜ் நினைத்த வேலையைச் செய்ய வரவில்லை. அட்டவணை போடும் கருவியாக வரையப்பட்டது, வரலாற்றுக் கேள்விக்குச் சாட்சியாக எழுந்து நின்றது. சக்கரங்கள் அதே சக்கரங்கள்தான், பயன் வேறு. 1849-க்கு வேண்டியதை 1991-ல் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில்

கிளெமெண்டின் பட்டறை இயங்கிய அதே காலப்பகுதியில், உங்கள் அம்மம்மாவோ அப்பப்பாவோ சொல்லிக் கேட்டிருக்கக்கூடிய ஊர்களில் இன்னொரு பெரிய வேலை தொடங்கியது. நல்லூரில் இருந்த ஜோசப் நைட் என்ற சேர்ச் மிஷன் பாதிரியார், ஒரு முழுமையான தமிழ் அகராதிக்காகச் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். உள்ளூர்த் தமிழறிஞர்களின் உதவியோடு ஏடுகளிலிருந்தும் பேச்சிலிருந்தும் சொல் சொல்லாக எடுத்தார்கள். முடிக்க முதலே நைட் இறந்துபோனார்.

அவர் விட்டுப் போனது கையெழுத்துக் குவியல். அது அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்களிடம் போனது. அந்த முயற்சியின் ஒரு கிளை 1842-ல் மானிப்பாயில் அச்சாகி வெளிவந்தது. தமிழுக்குத் தமிழிலேயே பொருள் சொல்லும் அகராதி, சுமார் 58,500 சொற்கள். சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு அதில் பெரியது. மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டைக் கவனித்தீர்களா? லண்டனில் பீல் அரசு பாபேஜைக் கைவிட்ட அதே 1842.

ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் மற்றக் கிளை இன்னும் நீண்ட காலம் எடுத்தது. உடுவிலில் வாழ்ந்து பிறகு சென்னைக்குப் போன மிரன் வின்ஸ்லோ அதைக் கையில் எடுத்தார். 1862-ல் சென்னையில் 67,000-க்கும் அதிகமான சொற்களோடு வெளியிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, அமெரிக்காவுக்குத் திரும்பும் வழியில் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் இறந்தார்.

அதுவும் முடிவில்லை. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், ஒக்ஸ்போர்டில் வாழ்ந்த முதிய வயதில் ஒரு பெரிய தமிழ் அகராதிக்குக் குறிப்புகள் சேர்த்து வந்தார். 1908-ல் அவர் இறந்தபோது அந்த வேலை பாதியில் நின்றது. சென்னையில் 1913-ல் தொடங்கிய தமிழ் லெக்சிகன் திட்டத்துக்கு வின்ஸ்லோவின் அகராதி அடிப்படையானது. போப்பின் குறிப்புகளும் அதற்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு லட்சம் ரூபாயில் முடிப்போம் என்று நினைத்த வேலைக்கு நான்கு லட்சத்துக்கு மேல் செலவானது. பாபேஜின் கதையைப் போலவே. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம் கைவிடவில்லை. எஸ். வையாபுரிப்பிள்ளை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து முடித்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன, 1,04,405 சொற்களோடு. 1939-ல் இணைப்பும் வந்தது.

இன்று சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் அந்த லெக்சிகனை இலவசமாகத் தேடலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்துக்கு ஃபோனில் ஒரு சொல்லைத் தேடும்போது, நல்லூரில் ஒருவர் பாதியில் விட்ட வேலையின் ஒரு துளி உங்கள் திரையில் வரலாம். நைட் நினைத்தது ஒரு புத்தகம். வந்தது மூன்று அகராதிகளும் ஒரு தேடல் பெட்டியும்.

இரண்டு கதைக்கும் பொது என்ன?

இரண்டிலும் தொடங்கியவர் முடிக்கவில்லை. இரண்டிலும் திரும்பி வந்தது தொடங்கியவர் நினைத்த உருவத்தில் வரவில்லை. ஆனால் ஏதோ ஒன்று கை மாறியது. பாபேஜுக்கு 20 வரைபடங்கள். நைட்டுக்குச் சொல் குவியல். போப்புக்குக் குறிப்புகள். கிளெமெண்டின் பட்டறையில் பழகிய கைகள்.

பாபேஜ் இந்த விஷயத்தில் மிகவும் கவனமானவர். இயந்திரத்தின் எந்தப் பாகம் எப்போது அசைகிறது என்று காட்ட, தனக்கென்று ஒரு குறியீட்டு மொழியையே உருவாக்கி 1826-ல் வெளியிட்டார். அவருடைய குறிப்புகளும் வரைபடங்களும் ஆயிரக்கணக்கான தாள்களாக இருக்கின்றன. பூட்டிய இயந்திரம் குறைவு, விட்டுப்போன விளக்கம் அதிகம். அந்த விளக்கம் இல்லாவிட்டால் 1985-ல் புரொம்லிக்குப் படிக்க ஒன்றுமே இருந்திருக்காது. இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அனலிட்டிக்கல் என்ஜினுக்கும் ஏராளமான தாள்கள் இருக்கின்றன. ஆனால் பாபேஜ் அதை மாற்றி மாற்றி வரைந்துகொண்டே இருந்தார். 'இதுதான் இறுதி' என்று ஒரு தொகுப்பை அவர் முடித்து வைக்கவில்லை. அந்த முழு இயந்திரம் இன்றுவரை கட்டப்படவில்லை. நம்பர் 2-ஐ மட்டும் ஒரு இடத்தில் நிறுத்திச் சுத்தமாக வரைந்தார். அதுதான் எழுந்து நிற்கிறது.

ஆகவே உங்களிடம் இருக்கும் பாதி வேலைக்கு வருவோம். அதை எப்படியாவது முடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. சில வேலைகள் நிற்கத்தான் வேண்டும். ஏ லெவல் வருகிறது, வேலை வருகிறது, ஆர்வம் மாறுகிறது. ஆனால் நிறுத்துகிற விதம் முக்கியம்.

நாவலை நிறுத்துகிறீர்களா? அடுத்த அத்தியாயங்களில் என்ன நடக்கவிருந்தது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கேமை நிறுத்துகிறீர்களா? எந்தப் பகுதி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று கோட் இருக்கும் இடத்திலேயே குறித்து வையுங்கள். வயலினை நிறுத்துகிறீர்களா? கடைசியாகப் பழகிய பாட்டை ஒரு தடவை ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். இரண்டு மணி நேர வேலை. ஐந்து ஆண்டு கழித்து வரும் நீங்கள் இன்றைய உங்களுக்கு அந்நியர். அந்த அந்நியருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

திரும்பி எடுக்கும்போது பழைய கேள்வியைக் கேட்காதீர்கள். 'இதை ஏன் முடிக்கவில்லை?' என்று கேட்டால் குற்ற உணர்ச்சிதான் வரும். இதை இப்போது எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேளுங்கள். நாவல் நாடகமாகலாம். பரதத்தில் கற்ற தாளம் நீங்கள் செய்யும் இசைக்குள் வரலாம். அப்பாவிடம் பேட்டி எடுத்துப் பாதியில் விட்ட குடும்பக் கதை, சின்னத் தம்பிக்கு ஒரு படக்கதையாகலாம். இன்னொருவர் உங்கள் யோசனையை எடுத்து, உங்களைவிடச் சிறியதாக, எளிமையாகச் செய்து முடித்தால், பாபேஜ் ஷொய்ட்ஸுக்குச் செய்ததைச் செய்யுங்கள். உதவுங்கள்.

அடுத்த தடவை சவுத் கென்சிங்டன் பக்கம் போனால், நுழைவு இலவசம்தான், உள்ளே போய்ப் பாருங்கள். 1832-ல் கிளெமெண்ட் பூட்டிய பழைய துண்டும் அந்த மியூசியத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது. 1991-ல் முடிந்த இயந்திரத்தின் பக்கத்தில் சற்று நின்று, சக்கரங்களில் பொறித்திருக்கும் எண்களைப் பாருங்கள். பாபேஜ் இந்த உருவத்தை ஒரு நாளும் கண்ணால் காணவில்லை. ஆனால் நம்பர் 2-க்காக வரைந்த 20 தாள்களை அவர் முடித்துத்தான் வைத்தார்.